கிளையன்ட் சான்றிதழ்கள்: லெட்ஸ் என்கிரிப்ட் மாற்றத்தால் எது நின்றுபோகும், ஏன்?

இரண்டு சர்வர்கள் பல வருடமாக ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கின்றன. ஒரு நாள் சான்றிதழ் வழக்கம்போலத் தானாகப் புதுப்பிக்கப்படுகிறது. அதன் பிறகு ஒரு பக்கம் மட்டும் இணைப்பை மறுக்கிறது. லாக்கைத் திறந்தால், சான்றிதழின் நோக்கம் பொருந்தவில்லை என்ற பொருளில், சான்றிதழைச் சரிபார்க்கும் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எல் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறது. தேதி சரி, பெயர் சரி, கையொப்பமும் சரி. பிரவுசரில் அதே தளம் எந்தக் குறையும் இல்லாமல் திறக்கிறது. அப்புறம் எது பொருந்தவில்லை?

இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட், 2026 பிப்ரவரி 11 முதல் தன் வழக்கமான சான்றிதழ்களில் 'கிளையன்ட் அங்கீகாரம்' (இணைப்பைத் தொடங்கும் பக்கம் தன்னை அடையாளம் காட்டுவது) என்ற பயன்பாட்டைச் சேர்க்கப்போவதில்லை என்று 2025 மே மாதமே அறிவித்திருந்தது. கட்டணம் வாங்கும் பெரிய நிறுவனங்களான டிஜிசர்ட்டும் செக்டிகோவும் 2025 செப்டம்பர், அக்டோபர் வாக்கில் அதை இயல்பாகச் சேர்ப்பதை நிறுத்தின. வெறும் இணையதளம் நடத்துபவர்களுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. சர்வரோடு சர்வர் பேசும் அமைப்பு வைத்திருப்பவர்களில் சிலருக்குத்தான் சிக்கல். யார் அந்தச் சிலர் என்று தெரிய, கிளையன்ட் சான்றிதழ் எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் அடையாளம் காட்டும் உலகம்

பிரவுசரில் ஒரு வங்கித் தளத்தைத் திறக்கும்போது டிஎல்எஸ் என்ற பாதுகாப்பு அடுக்கு இரண்டு வேலை செய்கிறது. போக்குவரத்தை மறைகுறியாக்குகிறது, எதிரே இருப்பது உண்மையிலேயே அந்த வங்கியின் சர்வர்தானா என்று உறுதி செய்கிறது. இரண்டாவது வேலைக்குத்தான் சான்றிதழ். அதில் சர்வரின் பெயர், அதன் பப்ளிக் கீ (யாரும் பார்க்கலாம்; அதன் ஜோடியான பிரைவேட் கீ உரியவரிடம் மட்டும் இருக்கும்), காலாவதித் தேதி, இவற்றுக்கெல்லாம் பொறுப்பேற்று ஒரு சிஏ போட்ட கையொப்பம் ஆகியவை இருக்கும். சிஏ என்றால் சான்றிதழ் வழங்கும் அமைப்பு. எந்தெந்த சிஏக்களை நம்பலாம் என்ற பட்டியலைப் பிரவுசரே வைத்திருக்கிறது.

இங்கே அடையாளம் காட்டுவது சர்வர் மட்டும். நீங்கள் யார் என்பது டிஎல்எஸ்ஸுக்குத் தெரியாது. அதைப் பிறகு பாஸ்வேர்டு, ஓடிபி என்று வேறு வழியில் கேட்டுக்கொள்கிறார்கள். சர்வரைப் போலவே கிளையன்ட்டும் ஒரு சான்றிதழைக் காட்டி, 'நான்தான் இது' என்று இணைப்பு தொடங்கும்போதே நிரூபித்தால் அதற்குப் பெயர் இருவழி டிஎல்எஸ். வேலை செய்பவர்கள் சுருக்கமாக எம்டிஎல்எஸ் என்பார்கள்.

ஹேண்ட்ஷேக்கில் நடப்பது என்ன?

இணைப்பின் தொடக்கத்தில் இருபக்கமும் நடத்தும் அறிமுகப் பேச்சுதான் ஹேண்ட்ஷேக். 2018இல் வெளியான டிஎல்எஸ் 1.3இன்படி, கிளையன்ட் சான்றிதழ் சம்பந்தப்பட்ட பகுதி இப்படிப் போகும்:

1. சர்வர் தன் சான்றிதழை அனுப்பும்போதே, 'உன் சான்றிதழையும் காட்டு' என்ற கோரிக்கையையும் அனுப்புகிறது. எந்த சிஏக்கள் கொடுத்தால் ஏற்பேன் என்ற பட்டியலையும் அதில் சேர்க்கலாம்.

2. கிளையன்ட் தன் சான்றிதழை அனுப்புகிறது. இல்லையென்றால் காலி உறையை அனுப்புகிறது. காலி உறை அனுப்புவது விதிமீறல் இல்லை. ஏற்பதா மறுப்பதா என்பது சர்வரின் முடிவு.

3. சான்றிதழ் அனுப்பியிருந்தால், அதுவரை இருவரும் பேசிய அத்தனைக்கும் சேர்த்து ஒரு கையொப்பத்தைத் தன் பிரைவேட் கீயால் போட்டு அனுப்புகிறது.

4. சர்வர் அந்தக் கையொப்பத்தைச் சான்றிதழில் உள்ள பப்ளிக் கீயால் சரிபார்க்கிறது. அத்துடன் சான்றிதழைத் தந்தது தான் நம்பும் சிஏதானா, காலாவதி ஆகிவிட்டதா, நோக்கம் பொருந்துகிறதா என்றும் பார்க்கிறது.

மூன்றாவது படிதான் உயிர்நாடி. சான்றிதழ் ரகசியம் இல்லை. அதன் நகலை யார் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். கையொப்பம் போட பிரைவேட் கீ வேண்டும், அது உரியவரிடம் மட்டும் இருக்கிறது. கையொப்பம் இந்த ஒரு உரையாடலுக்கு மட்டுமே செல்லும் என்பதால், அதைத் திருடி அடுத்த இணைப்பில் காட்டவும் முடியாது. பாஸ்வேர்டைவிட இது மேல் என்று சொல்வதற்குக் காரணமும் இதுதான்: சர்வருக்கு ரகசியம் எதுவும் போவதே இல்லை. சர்வர் உடைக்கப்பட்டாலும் திருட அங்கே ஒன்றும் கிடையாது.

டிஎல்எஸ் 1.2 வரை கிளையன்ட் சான்றிதழ் மறைக்கப்படாமலே கம்பியில் போகும். அதில் உள்ள பெயரையோ எண்ணையோ வழியில் இருப்பவர் யாரும் படிக்கலாம். ஆப்பிளின் புஷ் அறிவிப்புச் சேவையில் சாதனங்கள் இப்படிக் காட்டிய சான்றிதழை வைத்தே ஒருவரின் நடமாட்டத்தைப் பின்தொடரலாம் என்று 2017இல் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். 1.3இல் இந்த ஓட்டை அடைக்கப்பட்டுவிட்டது.

சான்றிதழுக்குள் இருக்கும் இரண்டு எண்கள்

எந்த வேலைக்கு இந்தச் சான்றிதழைப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் ஒரு பகுதி சான்றிதழுக்குள் இருக்கிறது. அதன் பெயர் ஈகேயு. அங்கே 1.3.6.1.5.5.7.3.1 என்று இருந்தால் 'சர்வராக அடையாளம் காட்டலாம்' என்று பொருள். கடைசி இலக்கம் 2 என்றால் 'கிளையன்ட்டாக அடையாளம் காட்டலாம்'. இரண்டும் இருந்தால் இரண்டு வேலைக்கும் செல்லும். இந்தப் பகுதியே இல்லையென்றால் தடை எதுவும் இல்லை என்று கொள்வது வழக்கம்.

பொதுவெளியில் கிடைத்த சான்றிதழ்களில் வெகுகாலமாக இரண்டு எண்களும் சேர்ந்தே வந்தன. யாரும் கேட்டு வாங்கியதில்லை, அது பாட்டுக்கு இருந்தது. இருந்ததால் பயன்படுத்தவும் தொடங்கினார்கள். இப்போது எடுக்கப்பட்டது அந்த இரண்டாவது எண் மட்டும்தான். முதலில் சொன்ன லாக் வரிக்கும் இதுவே காரணம். சர்வர் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல், எதிரே வந்தவரின் சான்றிதழில் 2ஐத் தேடுகிறது. 1 மட்டும் இருப்பதைக் கண்டு கதவைச் சாத்துகிறது.

குரோம் ஏன் இதைக் கேட்டது?

உத்தரவு உண்மையில் சிஏக்களிடமிருந்து வரவில்லை. எந்த சிஏவை நம்புவது என்று தீர்மானிக்கும் குரோமின் ரூட் திட்டம்தான், பிரவுசர் நம்பும் சிஏ கிளைகள் இணையதளச் சான்றிதழ்களை மட்டுமே வழங்க வேண்டும் என்று விதி போட்டது.

கேட்பதற்கு அதிகாரத் தோரணையாகத் தெரியலாம். ஆனால் இதன் பின்னால் ஒரு பழைய வலி இருக்கிறது. பிரவுசருக்கான சான்றிதழ்களில் விதிகள் அடிக்கடி இறுகும்: பலவீனமான கையொப்ப முறை கைவிடப்படும், ஆயுட்காலம் குறைக்கப்படும், தவறாக வழங்கியதைச் சில நாட்களில் ரத்து செய்யச் சொல்வார்கள். பிரவுசர்கள் தாமாகப் புதுப்பித்துக்கொள்வதால் அங்கே இது சாத்தியம். அதே சிஏவின் சான்றிதழை ஒரு பண இயந்திரமோ தொழிற்சாலைக் கருவியோ நம்பிக்கொண்டிருந்தால் முடியாது. ஷா-1 என்ற பழைய கையொப்ப முறை கைவிடப்பட்ட பிறகு, 2016இல் கார்டு தேய்க்கும் பழைய இயந்திரங்களுக்குப் புதிய முறை புரியாது என்பதற்காக விதிவிலக்குக் கேட்டு வந்தார்கள். சிலருக்குக் கொடுக்கவும் வேண்டியிருந்தது. சம்பந்தமில்லாத ஒரு கருவிக்காக முழு இணையத்தின் விதியும் காத்திருக்க வேண்டிய நிலை. பாதையைப் பிரித்துவிட்டால் இந்த இழுபறி இருக்காது.

ஆயுட்காலக் கணக்கும் இதோடு சேர்கிறது. பொதுச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் எதிர்த்தரப்புக்கு மின்னஞ்சலில் சான்றிதழ் அனுப்பி, 'உங்கள் பக்கம் ஏற்றிவிடுங்கள்' என்று கேட்கும் வழக்கம் 47 நாள் கணக்கில் நடக்கிற காரியமா?

அடையாளம் வேறு, அனுமதி வேறு

பொதுச் சான்றிதழைக் கிளையன்ட் வேலைக்குப் பயன்படுத்துவதில் ஆரம்பத்திலிருந்தே ஒரு கோளாறு உண்டு. குரோம் விதி வராவிட்டாலும் அது கோளாறுதான்.

வாக்குச்சாவடியை நினைத்துக்கொள்ளுங்கள். வாக்காளர் அட்டையைக் காட்டினால் நீங்கள் யார் என்று தெரிந்துவிடும். ஆனால் அந்தச் சாவடியின் பட்டியலில் பெயர் இல்லையென்றால் வாக்களிக்க முடியாது. அட்டை அடையாளத்துக்கு, பட்டியல் அனுமதிக்கு. கிளையன்ட் சான்றிதழை அமைக்கும் பலர் அட்டையை மட்டும் பார்த்துவிட்டு உள்ளே விடுகிறார்கள்.

கிட்டத்தில் பார்க்கலாம். இது மாற்றத்துக்கு முந்தைய நிலை. என்ஜின்எக்ஸ் என்ற இணைய சர்வர் மென்பொருளில் கிளையன்ட்டைச் சரிபார்க்க இரண்டு அமைப்புகள் போதும்: சரிபார்ப்பைக் கட்டாயமாக்குவது ஒன்று, எந்த சிஏவை நம்புவது என்ற கோப்பைக் காட்டுவது இன்னொன்று. கூட்டாளி நிறுவனம் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழோடு வரும் என்பதால், அந்தக் கோப்பில் லெட்ஸ் என்கிரிப்ட்டின் ரூட் சான்றிதழை (அதன் தலைமைச் சான்றிதழை) போடுகிறீர்கள். சோதனை செய்தால் வேலை செய்கிறது. சான்றிதழ் இல்லாமல் வருபவருக்கு 400 பிழை போகிறது. எல்லாம் சரி என்று விட்டுவிடுகிறீர்கள்.

நீங்கள் செய்துவைத்தது இதுதான்: உலகில் ஒரு டொமைன் பெயர் வைத்திருக்கும் யாரும், இலவசமாக, சில நிமிடங்களில், உங்கள் உள்வாசலுக்கான அட்டையைத் தாமே அச்சடித்துக்கொள்ளலாம். அந்த சிஏ பொய் சொல்லவில்லை. 'இந்த டொமைன் இவர் கட்டுப்பாட்டில் இருக்கிறது' என்றுதான் சான்று தந்தது. 'இவரை உள்ளே விடுங்கள்' என்று அது எப்போதும் சொன்னதில்லை. சான்றிதழில் உள்ள பெயரையும் ஒரு பட்டியலோடு ஒப்பிட்டிருந்தால் தப்பித்திருக்கலாம். அந்த ஒப்பீடு தனியாக எழுத வேண்டிய வேலை என்பதால் அடிக்கடி விடுபட்டுப்போகிறது.

சொந்த சிஏ வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். நீங்களே ஒரு ரூட் உருவாக்கி, உங்களுக்குத் தெரிந்தவர்களுக்கு மட்டும் சான்றிதழ் கொடுத்தால், சான்றிதழ் இருப்பதே ஓரளவு அனுமதிதான். சர்வர் பக்கச் சான்றிதழுக்குப் பொது சிஏ வேண்டும், ஏனென்றால் முன்பின் தெரியாதவர்கள் வந்து பார்க்க வேண்டும். கிளையன்ட் பக்கம் நேர் எதிர்: தெரியாதவர்கள் வரவே கூடாது. இரண்டுக்கும் ஒரே சிஏவைப் பயன்படுத்தியது வசதியால் வந்த பழக்கம். குரோம் அதை இப்போது முறித்திருக்கிறது. முறித்தது நல்லதே என்பது என் கணிப்பு.

இடறிவிழும் இடங்கள்

1. முன்வாசல் புராக்ஸி. பெரும்பாலான அமைப்புகளில் டிஎல்எஸ் இணைப்பு, பயன்பாட்டு சர்வர் வரை போவதில்லை. முன்னால் நின்று வேலையைப் பல சர்வர்களுக்குப் பகிரும் லோடு பேலன்சரோடு முடிந்துவிடும். வந்தவர் யார் என்பதை அது ஒரு எச்டிடிபி தலைப்பில் (கோரிக்கையோடு போகும் குறிப்பில்) எழுதி உள்ளே அனுப்பும். வெளியிலிருந்து வருபவரே அதே தலைப்பைத் தன் கையால் எழுதி அனுப்பினால்? முன்வாசல் அதை முதலில் அழித்துவிட்டுத் தன்னுடையதை எழுத வேண்டும். அழிக்காமல் விட்டால், ஒரு வரி எழுதத் தெரிந்தவர் எவரும் நிர்வாகியாக உள்ளே வரலாம். இந்தத் தலைப்புக்கு ஒரு பொது வடிவம் தந்த இணைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 9440, 2023இல் வந்தது. அதுவும் இந்த அழிப்பை வற்புறுத்துகிறது.

2. 'கேட்பேன், ஆனால் பார்க்க மாட்டேன்'. என்ஜின்எக்ஸில், சான்றிதழைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அதைத் தந்த சிஏவைச் சரிபார்க்காமல் விடும் ஒரு நிலை உண்டு. உள்ளே இருக்கும் நிரல் சரிபார்த்துக்கொள்ளும் என்ற எண்ணத்தில் வைத்தது. உள்ளே இருக்கும் நிரலோ வெளியில் சரிபார்த்திருப்பார்கள் என்று இருக்கும்.

3. பழைய அமர்வைத் தொடர்தல். ஒவ்வொரு முறையும் முழு ஹேண்ட்ஷேக் செய்ய நேரமாகும் என்பதால், ஒருமுறை பேசியவர் ஒரு டிக்கெட்டைக் காட்டித் தொடரலாம். ஒரே முகவரியில் பல தளங்கள் இருக்கும்போது, ஒரு தளத்தில் வாங்கிய டிக்கெட்டைக் காட்டி இன்னொரு தளத்தின் கிளையன்ட் சான்றிதழ்ச் சோதனையைத் தாண்ட முடிந்தது. என்ஜின்எக்ஸில் சிவிஇ-2025-23419 என்ற எண்ணோடு 2025 பிப்ரவரியில் வெளியான ஓட்டை இது. 1.26.3, 1.27.4 பதிப்புகளில் சரிசெய்யப்பட்டது.

4. தாமதமாக வரும் மறுப்பு. டிஎல்எஸ் 1.3இல் கிளையன்ட் தன் கடைசிச் செய்தியை அனுப்பியதுமே தன் பக்கம் இணைப்பு முடிந்ததாகக் கருதும். சர்வர் அதற்குப் பிறகுதான் சான்றிதழைப் படிக்கிறது. அதனால் நிரல் 'இணைந்தது' என்று லாக் எழுதிவிட்டு, முதல் பதிலைப் படிக்கப்போகும்போது பிழை வாங்குகிறது. நெட்வொர்க்கில் ஏதோ கோளாறு என்று தேடி நாள் முழுக்கப் போவதுண்டு. 1.2இல் இதே மறுப்பு ஹேண்ட்ஷேக்கிலேயே வந்துவிடும்.

5. பிரவுசரில் வெளியேற முடியாது. மனிதர்களுக்குக் கிளையன்ட் சான்றிதழ் ஏன் பரவலாகவில்லை என்பதற்கு இது ஒன்றே போதும். சான்றிதழைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி வரும் பெட்டி ஒருமுறை வரும். அதில் ரத்து அழுத்திவிட்டால், பிரவுசரை மூடித் திறக்கும்வரை பல நேரம் மறுபடி கேட்காது. லாக்-அவுட் பொத்தான் என்று ஒன்று இதில் கிடையாது.

கொடுத்ததைத் திரும்ப வாங்குவது

பாஸ்வேர்டை மாற்றலாம். சான்றிதழை? அது காலாவதித் தேதிவரை செல்லுபடி. நடுவில் நிறுத்த, ரத்துப் பட்டியலை சர்வர் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பார்க்காத மென்பொருள்கள் நிறைய.

அவற்றில் பிரபலமானது, பல சர்வர்களை ஒரே தொகுப்பாக (கிளஸ்டராக) இயக்கும் குபர்நெட்டீஸ். அதில் கிளையன்ட் சான்றிதழின் பெயர்ப் பகுதிதான் பயனர் பெயர், நிறுவனப் பகுதிதான் குழு. 'சிஸ்டம்:மாஸ்டர்ஸ்' என்ற குழு அதில் இருந்தால் எல்லா அனுமதிச் சோதனைகளையும் தாண்டலாம். கிளஸ்டரை அமைத்துத் தரும் கியூப்அட்மின் கருவி, 1.29 பதிப்புக்கு முன்பு வரை, நிர்வாகிக்கான கோப்பில் இந்தக் குழுவைப் போட்டே கொடுத்தது. அந்தக் கோப்பை வசதிக்காக நாலு பேருக்குப் பகிர்கிறீர்கள். அதில் ஒருவர் வேலையை விட்டுப் போகிறார். கிளஸ்டரின் வாசலான ஏபிஐ சர்வர் ரத்துப் பட்டியல் எதையும் பார்ப்பதில்லை. அந்த மடிக்கணினியில் இருக்கும் கோப்பைச் செல்லாததாக்க வேண்டுமானால், கிளஸ்டரின் சிஏவையே மாற்ற வேண்டும். எல்லோருடைய சான்றிதழும் சேர்ந்து போகும்.

அதே கியூப்அட்மின் எதிர்த்திசையிலும் அடிக்கும். அது தரும் சான்றிதழ்களின் ஆயுள் ஒரு வருடம். கிளஸ்டரை மேம்படுத்தும்போது தானாகப் புதுப்பிக்கும். நன்றாக ஓடுகிறதே என்று ஒரு வருடம் தொடாமல் விட்டால், 366ஆவது நாள் நிர்வாகிக்கே உள்ளே போக முடியாது.

இதனால்தான் ரத்து செய்வதைவிடச் சீக்கிரம் காலாவதி ஆக்குவது மேல் என்ற போக்கு வந்திருக்கிறது. சேவைகளுக்கிடையிலான போக்குவரத்தைப் பாதுகாக்கும் இஸ்டியோவில் சேவைகளுக்கான சான்றிதழின் இயல்பான ஆயுள் 24 மணி நேரம். சேவைகளுக்கு அடையாளம் வழங்கும் ஸ்பயர் என்ற கருவி கொடுப்பது ஒரு மணி நேரத்துக்கு. திருடினாலும் நாளை செல்லாது. கையால் புதுப்பிப்பது இங்கே நடக்காது, தானியங்கி இல்லாமல் தொடங்கவே கூடாது.

வன்பொருளில் கீயைப் பூட்டிவைப்பது இன்னொரு வழி. ஆடிட்டர் அலுவலகங்களில் பென்டிரைவ் போலத் தொங்கும் டிஎஸ்சி (டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ்) டோக்கன் இந்த வகை. அது இணைப்புக்கு இல்லாமல் ஆவணத்தில் கையொப்பமிடப் பயன்படுகிறது, கீ வெளியே வராது என்ற தத்துவம் ஒன்றே. அந்தத் தத்துவமும் சில்லை நம்பித்தான் நிற்கிறது. எஸ்டோனியாவின் அடையாள அட்டைகளில் இருந்த சில்லு, கீ உருவாக்கும் முறையில் குறையோடு வந்தது. பப்ளிக் கீயை வைத்தே பிரைவேட் கீயைக் கணக்கிடலாம் என்று 2017இல் தெரியவந்தது. சுமார் 7.6 லட்சம் அட்டைகளின் சான்றிதழ்களை அந்த ஆண்டு நவம்பரில் அந்நாடு முடக்க வேண்டியிருந்தது.

இப்போது யார் என்ன பார்க்க வேண்டும்?

வெறும் இணையதளம் என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். அஞ்சல் சர்வர்களும் பெரும்பாலும் தப்பிவிடும்; அனுப்புபவரின் சான்றிதழை அங்கே கறாராகச் சரிபார்ப்பவர்கள் குறைவு. எக்ஸ்எம்பிபி அரட்டை சர்வர்கள் ஒன்றையொன்று சான்றிதழால் அடையாளம் காண்பவை என்பதால், இந்த அறிவிப்பு வந்ததும் அங்கேதான் முதல் சலசலப்பு. 1 மட்டும் உள்ள சான்றிதழையும் ஏற்கும்படி மென்பொருளைப் புதுப்பிப்பதே அவர்களுக்கு வழி.

மீதி இருப்பவர்கள், பொதுச் சான்றிதழைக் காட்டிக் கூட்டாளி நிறுவனத்தின் ஏபிஐக்குள் (நிரல்கள் பேசிக்கொள்ளும் வாசலுக்குள்) போகிறவர்கள். அவர்கள் தனியார் சிஏவுக்கு மாற வேண்டும். ஸ்டெப்-சிஏ, வால்ட் போன்ற கருவிகள் இதற்காகவே இருக்கின்றன. மாறும் வரிசையில் கவனம் வேண்டும்:

1. புதிய சிஏவின் ரூட்டை, பழையதை எடுக்காமல், சர்வரின் நம்பிக்கைக் கோப்பில் சேர்க்க வேண்டும்.

2. எல்லா சர்வர்களும் புதிய கோப்பை ஏற்றிக்கொண்டனவா என்று உறுதி செய்த பிறகே கிளையன்ட்களுக்குப் புதிய சான்றிதழ் தர வேண்டும்.

3. யார் இன்னும் பழைய சான்றிதழோடு வருகிறார் என்று லாக்கில் சில வாரம் பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை மட்டும் ஓடும் கணக்கு முடிக்கும் நிரல் ஒன்று கட்டாயம் எங்காவது இருக்கும்.

4. அதுவும் மாறிய பிறகு பழைய ரூட்டை நீக்கலாம்.

நான்காவது படியைத் தள்ளிப்போடுபவர்கள் அதிகம், ஏனென்றால் நீக்காவிட்டாலும் எல்லாம் ஓடும். ஆனால் அங்கே பழைய பொது ரூட் இருக்கும்வரை, எண் 2 உள்ள பொதுச் சான்றிதழ் ஏதாவது காலாவதியாகாமல் யார் கையிலாவது இருந்தால் அதற்கும் கதவு திறக்கும்.